இரும்பில்லாமல் ஓர் இரும்புக் கவசம்

புதுக்கோட்டை மாவட்டத்தில், மணமேல்குடி வட்டத்தில், பாக் விரிகுடாவை நோக்கி அமைந்திருக்கும் மீனவர் ஊர் ஜெகதாப்பட்டினம். பக்கத்தில் உள்ள கோட்டைப்பட்டினத்தைப் போலவே விசைப்படகுகளுக்குப் பெயர் பெற்றது. ஒரு நாள் விடியற்காலையில் அந்தக் கரையில் நின்று பாருங்கள். மணலில் ஒரு நங்கூரம் துருப்பிடித்துக் கிடக்கும். கூடைகளில் மீன்கள் வெள்ளித் தகடுகள் போல் மின்னும். கிழக்கே சூரியன் எழுந்ததும் தொடுவானத்திலிருந்து உங்கள் காலடிவரை கடல்மேல் ஒரு பொன்பாதை விரியும்.

இந்த மூன்றையும் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர், ஒரு போர்வீரனின் கவசத்தைக் கணிப்பொறித் திரையில் தீட்டுவதற்கு வேண்டிய பாடத்தில் பெரும்பகுதியைக் கற்றுவிட்டார் எனலாம். நங்கூரத்துக்கும் மீனுக்கும் கவசத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

இன்று பள்ளி மாணவர்கள் பலர் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஓவியம் தீட்டுகிறார்கள். அரசர்கள், வீரர்கள், பறக்கும் குதிரைகள் எனக் கற்பனைக்குக் குறைவில்லை. முகம் நன்றாக வருகிறது. ஆடையும் நன்றாக வருகிறது. கவசம் மட்டும் பிளாஸ்டிக் போலவோ, சாம்பல் நிறக் களிமண் போலவோ நின்றுவிடுகிறது. சாம்பல் நிறத்தைத் தீட்டி, நடுவில் வெள்ளைப் பொட்டு ஒன்றையும் வைத்தாயிற்று. பிறகும் அது ஏன் இரும்பாகவில்லை? இது கையின் குறை அன்று. இரும்பு என்ன செய்கிறது என்பதை நாம் இன்னும் கவனிக்கவில்லை என்பதே காரணம்.

உலோகத்துக்குச் சொந்த நிறம் உண்டா?

ஒரு சிவப்புத் துணியின்மேல் வெயில் விழுகிறது. ஒளியின் ஒரு பகுதி துணியின் இழைகளுக்குள் நுழைந்து, அங்குமிங்கும் சிதறி, சாயம் விழுங்கியது போக மிச்சமாய் வெளியே வருகிறது. அந்த மிச்சமே சிவப்பு. இப்படி உள்ளே போய்ச் சிதறி வரும் ஒளியைத்தான் ஒரு பொருளின் சொந்த நிறம் என்கிறோம்.

உலோகத்தில் இது நடப்பதில்லை. உலோகத்துக்குள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாத எலெக்ட்ரான்கள் கூட்டமாக உலவுகின்றன. ஒளி வந்து மோதியதும் இவை அதிர்ந்து, பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே நுழையும் சிறு பகுதியும் விழுங்கப்படுகிறது. சிதறி வெளியே வருவதில்லை. ஆகவே உலோகத்தில் நாம் காண்பது பிரதிபலிப்பு ஒன்றையே.

அளவுகளைப் பாருங்கள். நேராக விழும் ஒளியில் நீர் சுமார் 2 சதவீதத்தைத்தான் பிரதிபலிக்கும். கண்ணாடி, தோல், வண்ணப்பூச்சு போன்றவை சுமார் 4 சதவீதம். மெருகேற்றிய இரும்போ பாதிக்கும் சற்று அதிகம். அலுமினியம் சுமார் 90 சதவீதம். வெள்ளி அதற்கும் மேல். தங்கம் சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பி, நீல ஒளியில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. செம்பின் நிறத்துக்கும் இத்தகைய காரணமே.

இதிலிருந்து ஓவியருக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, பிளாஸ்டிக்கின்மேல் தெரியும் ஒளிப்பொட்டு விளக்கின் நிறத்தில் இருக்கும்; தங்கத்தின்மேலும் செம்பின்மேலும் தெரியும் ஒளிப்பொட்டு அந்த உலோகத்தின் நிறத்தைப் பூசிக்கொள்ளும். மஞ்சள் கவசத்தின்மேல் தூய வெள்ளைப் பொட்டு வைத்தால் அது பிளாஸ்டிக்காகிவிடுவது இதனால்தான். இரண்டாவது விதி இன்னும் முக்கியமானது. உலோகத்தைத் தீட்டுவது என்றால் அதைச் சுற்றியுள்ளவற்றைத் தீட்டுவது என்றே பொருள். ஜெகதாப்பட்டினக் கரையில் ஒரு வீரன் பளபளப்பான மார்புக்கவசத்துடன் கடலை நோக்கி நிற்பதாகக் கொள்வோம். கவசத்தின் மேல்நோக்கிய பகுதிகளில் வானம் தெரியும். கீழ்நோக்கிய பகுதிகளில் மணலின் வெளிர் பழுப்பு தெரியும். இரண்டுக்கும் நடுவே, தொலைதூரக் கடல் ஒரு கருநீலப் பட்டையாக வளைந்து ஓடும். அந்த ஒரு பட்டையைத் தீட்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் களிமண் சட்டென்று இரும்பாக மாறும்.

பொன்பாதை கற்பிக்கும் பாடம்

சரி, எல்லாக் கவசமும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இருக்குமா? இராது. இங்கேதான் கடலின் பொன்பாதை நமக்கு உதவுகிறது.

கடல் அசையாத தகடாக இருந்தால் அதில் சூரியனின் பிம்பம் ஒரே வட்டமாகத் தெரியும். ஆனால் கடல் முழுவதும் சிற்றலைகள். ஒவ்வோர் அலையின் சரிவும் ஒரு குட்டிக் கண்ணாடி. சரியான கோணத்தில் சாய்ந்திருக்கும் கண்ணாடிகள் மட்டும் சூரிய ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆயிரமாயிரம் துண்டுப் பிம்பங்கள் சேர்ந்து பாதையாக நீள்கின்றன. காற்று வலுத்தால் அலைகள் செங்குத்தாகும், பாதை அகலும், அதன் பிரகாசமும் பரவிக் குறையும். 1954-இல் சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்னும் இரு கடலியல் அறிஞர்கள், விமானத்திலிருந்து எடுத்த இத்தகைய ஒளிப்பாதைப் படங்களைக் கொண்டே அலைகளின் சரிவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

கவசத்தின் மேற்பரப்பும் உறைந்துபோன ஒரு கடல்தான். சுத்தியலும் அரமும் மணலும் பட்டு, அதில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கிலும் குறைவானது. மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறியவையாகும்படி மெருகேற்றினால் இரும்பு கண்ணாடியாகும். சற்றுச் சொரசொரப்பாக விட்டால் ஒளிப்பொட்டு அகன்று மங்கும். வடிவம், நிறம் எதையும் மாற்றாமல் சொரசொரப்பை மட்டும் மாற்றினாலே புதிய கவசம் பழைய கவசமாகிவிடும்.

உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாருங்கள். கடைசலில் சுழற்றி மெருகிட்ட நுண்கீறல்கள் வட்டமாக இருப்பதால், ஒளி விசிறிபோல் இரண்டு பட்டைகளாக விரிந்து தெரியும். தட்டைத் திருப்பினாலும் விசிறி இடம் மாறாது. கீறல் ஓடும் திசைக்குக் குறுக்காகவே ஒளி பரவும் என்பது இதன் விதி. வாளின் அலகைத் தீட்டும்போதும், உருண்டையான கேடயத்தைத் தீட்டும்போதும் இந்த விதி கைகொடுக்கும்.

இன்னொன்றையும் கடலில் பார்த்துவிடுவோம். படகில் நின்று நேர் கீழே பார்த்தால் நீருக்குள் ஓரளவு தெரிகிறது. தொலைவில் பார்த்தாலோ நீர் வானத்தைத்தான் காட்டுகிறது. ஒளி எவ்வளவு சாய்வாக விழுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிரதிபலிக்கும். பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த விதி இது. எனவே கவசத்தை இணைக்கும் தோல்வாருக்குக்கூட, அது வளைந்து மறையும் விளிம்பில் மெல்லிய வெளிச்சக்கோடு உண்டு.

மீன் அணிந்த கவசம்

இனி மீன் கூடைக்கு வருவோம். கொடுவா மீனின் செதில்களைத் தடவிப் பாருங்கள். தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். எதிர்த்திசையில் தடவினால் செதில்கள் குத்தி நிற்கும். ஒவ்வொரு செதிலும் தனக்குப் பின்னுள்ள செதிலின் வேர்ப்பகுதியை மூடிக் கிடக்கிறது. கூரையில் ஓடு வேய்வதும் இப்படித்தான். செதிற்கவசம் செய்த பழங்காலக் கைவினைஞர்களும் தகடுகளைப் பெரும்பாலும் இப்படியே தைத்தார்கள். தகட்டின் கட்டற்ற விளிம்பு கீழ்நோக்கித் தொங்கும். மேலிருந்து இறங்கும் வாள் அதில் வழுக்கிப் போகும்.

கற்பனை ஓவியங்களில் அடிக்கடி காணும் பிழை, செதில்களை வெறும் அலங்காரமாக எண்ணி உடல் முழுவதும் ஒரே அளவில் அச்சடிப்பது. மீனைப் பாருங்கள். உடலின் நடுவில் செதில்கள் பெரியவை. வாலடியிலும் துடுப்பின் அருகிலும் சிறியவை. உடல் எங்கே மிகுதியாக வளைகிறதோ அங்கே கவசமும் நுணுக வேண்டும். முழங்கையில் பெரிய தகட்டை வைத்தால் வீரன் கையை மடக்க முடியாது! சங்கிலிக் கவசம் தீட்டுவோர், ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்திருக்கும் பின்னலே மிகப் பரவலானது என்பதை நினைவிற் கொள்வது நல்லது.

கூடையில் சாவாளை மீன் இருந்தால் அதையும் கவனியுங்கள். நீண்ட வாள்போல் பளபளக்கும் அந்த மீனுக்குச் செதிலே கிடையாது. அதன் தோலில் குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைத் திருப்ப, எல்லாம் சேர்ந்து வெள்ளியின் பளபளப்பைத் தருகின்றன. மீனிடம் ஒரு துளி வெள்ளியும் இல்லை. உலோகத்தின் தோற்றத்துக்கு உலோகமே தேவை இல்லை. ஒளியை எப்படித் திருப்புகிறது என்பதே முக்கியம். கணிப்பொறி ஓவியரின் நம்பிக்கையும் இதுதான் அல்லவா?

உப்புக்காற்றின் கைவேலை

நங்கூரத்தைத் தின்றுகொண்டிருப்பது துரு. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு தோன்றும். கடற்கரையில் இது விரைவாக நடக்கிறது. காற்றில் வந்து படியும் உப்பு, ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைகிறது. அந்த உப்புநீர்ப் படலம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இரும்பு வேகமாக அரிக்கப்படுகிறது. கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது செலவும் கவலையும் தரும் செய்தி. ஓவியருக்கு இது ஒரு பாடம்.

துரு எங்கே முதலில் பிடிக்கிறது? நீர் தேங்கும் இடத்தில்: ஆணித்தலையைச் சுற்றி, இரு தகடுகள் இணையும் இடுக்கில், வாருக்கு அடியில். அங்கிருந்து நீர் வழியும் திசையில் பழுப்புக் கோடுகள் இறங்கும். எங்கே பிடிப்பதில்லை? இழுவலையின் வாயை விரித்து வைக்கும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் உள்ள இரும்புப் பட்டை கடலடி மணலில் உராய்வதால், நீரிலிருந்து எடுத்தவுடன் பளிச்சென்று இருக்கும். மேலே உள்ள இரும்புத் துண்டுகளோ செம்பழுப்பாக இருக்கும். கவசத்திலும் அப்படியே. தோள் விளிம்பு, முழங்கை முனை, வாளுறை உராயும் இடுப்புப்பகுதி ஆகியவை தேய்ந்து மின்னும். மடிப்புகள் கருத்துத் துருப்பிடிக்கும்.

துரு உலோகம் அன்று என்பதையும் மறக்கக் கூடாது. அது மண்ணைப் போல ஒளியை உள்வாங்கிச் சிதறடிக்கும்; வானத்தைக் காட்டாது. துருவின்மேல் ஒளிப்பொட்டு வைத்தால் அது துருவாகத் தோன்றாது. பழுப்புச் சாயம் அடித்த இரும்பாகவே தோன்றும்.

கணிப்பொறி கற்ற வரலாறு

இந்த விதிகளைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் எட்வின் கேட்மல், முப்பரிமாண உருவத்தின்மேல் ஒரு படத்தைப் போர்வைபோல் சுற்றும் முறையை வகுத்தார். அதே பல்கலைக்கழகத்தில், வியட்நாமில் பிறந்த பூய் துவாங் போங் ஒளிப்பொட்டைக் கணக்கிடும் எளிய சூத்திரத்தைக் கண்டார். அது 1975-இல் வெளியானது. அதே ஆண்டில், இளம் வயதிலேயே அவர் மறைந்தார். 1978-இல் ஜேம்ஸ் பிளின், உருவத்தை மாற்றாமலேயே மேற்பரப்பில் மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் வழியைத் தந்தார்.

ஆனால் அக்காலக் கணிப்பொறிப் படங்களில் எல்லாமே பிளாஸ்டிக் போல் இருந்தன! ஏன் என்று 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் இருவரும் விளக்கினர். ஒளிப்பொட்டுக்கு விளக்கின் நிறத்தையே கொடுத்ததுதான் பிழை என்றார்கள். உலோகத்தின் உண்மையான பிரதிபலிப்பு அளவுகளையும், மேற்பரப்பை நுண்கண்ணாடிகளின் கூட்டமாகக் கொள்ளும் கணக்கையும் சேர்த்து, செம்பு செம்பாகவே தோன்றும் ஒரு ஜாடியைத் திரையில் காட்டினார்கள். நம் கடலின் பொன்பாதைக் கணக்கும் அந்த நுண்கண்ணாடிக் கணக்கும் ஒரே குடும்பம். 2012-இல் டிஸ்னி படப்பிடிப்பகத்தின் பிரென்ட் பர்லி, ஓவியர்கள் எளிதில் கையாளும் வகையில் இவற்றைச் சில அளவுகோல்களாகச் சுருக்கித் தந்தார். இன்றைய விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் கவசங்கள் இவ்வழியில்தான் உருவாகின்றன.

ஆகவே ஒரு கவசத்துக்கு ஒரு படம் போதாது. பல படங்கள் வேண்டும். ஒன்று நிறத்தைச் சொல்லும். ஒன்று எந்த இடம் உலோகம், எந்த இடம் துரு அல்லது தோல் என்று சொல்லும். ஒன்று சொரசொரப்பைச் சொல்லும். இன்னொன்று ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதை நிறங்களாக எழுதி வைத்திருக்கும். இது ஊதா கலந்த நீலமாகத் தோன்றும். கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் இவற்றை நீங்களே செய்து பார்க்கலாம். தட்டையான ஓவியம் தீட்ட கிருதா என்னும் மென்பொருளும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முன்னோர் கண்ட வழிகள்

கணிப்பொறிக்கு முன்பே கலைஞர்கள் இவற்றைக் கண்ணால் கண்டறிந்திருந்தார்கள். 1436-இல் யான் வான் ஐக் என்ற பிளெமிஷ் ஓவியர் முடித்த ஓர் ஓவியத்தில், புனித ஜார்ஜின் கவசத்தில் எதிரே அமர்ந்துள்ள அன்னை மரியின் செந்நிற ஆடை பிரதிபலிக்கிறது. பெர்லின் நகரில் உள்ள ‘பொன் தலைக்கவசம் அணிந்த மனிதர்’ என்னும் ஓவியம் நெடுங்காலம் ரெம்பிராண்டின் படைப்பு என்று போற்றப்பட்டது. 1985-இல் அது அவர் கைவண்ணம் அன்று என அறிவித்தார்கள். தீட்டியவர் யாராயினும், அந்தப் பொன் வெறும் வண்ணத்தால் ஆனதே. சுற்றிலும் இருளைப் பரப்பியதால்தான் தலைக்கவசம் ஒளிர்கிறது. தஞ்சாவூர் ஓவியர்களோ வேறு வழியில் சென்றார்கள். சுண்ணாம்புக் கலவையால் புடைப்பு எழுப்பி, அதன்மேல் தங்க இழையையே ஒட்டினார்கள். விளக்குச் சுடர் அசையும்போது அந்தத் தங்கமும் அசைந்து மின்னும்.

ஜெகதாப்பட்டினத்தின் அண்டை வட்டத்திலுள்ள ஆவுடையார்கோயிலுக்குச் சென்றால் மூன்றாவது வழியைக் காணலாம். அங்குள்ள கொடுங்கைகளில் மரச்சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளையும் கருங்கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். வண்ணமும் இல்லை, பளபளப்பும் இல்லை. வடிவம் ஒன்றினாலேயே கல் மரமாகவும் இரும்பாகவும் தோன்றுகிறது. ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதித்தான் பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்வார்கள் என்று ஒரு வழக்கு உண்டு.

யாருடைய கவசம்?

இவ்வளவும் கற்ற பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நாம் தீட்டும் கவசம் யாருடையது?

திரைகளில் நாம் மிகுதியாகக் காண்பது ஐரோப்பிய முழுத்தகட்டுக் கவசம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடுகளால் ஆகி, 15 முதல் 25 கிலோ வரை எடை கொண்டது. சித்திரை வெயிலில் பாக் விரிகுடாக் கரையில் அதை அணிந்து நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! நம் நடுகற்களில் வீரர்கள் பெரும்பாலும் வில்லோடும் வாளோடும் கேடயத்தோடும், உடலை முழுதும் மூடாமலே நிற்கிறார்கள். அதற்காக நமக்குக் கவசமே தெரியாது என்பதும் தவறு. மெய்ம்மறை என்ற சொல் பதிற்றுப்பத்தில் இருக்கிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய உருக்கில் செய்த வாள்களில் நீரலைபோல் ஓடும் கோடுகளை உலகமே வியந்தது. அவை செதுக்கிய கோடுகள் அல்ல. எஃகுக்குள் கரிமச் சேர்மங்கள் வரிவரியாக அமைந்ததால் தோன்றுபவை. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த படைக்கலங்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கற்பனைக்கு எல்லை போட வேண்டும் என்பதல்ல நம் கருத்து. பறக்கும் குதிரைமேல் ஏறும் வீரனுக்கு நீங்கள் எந்தக் கவசத்தையும் அணிவிக்கலாம். ஆனால் பிறர் தீட்டியதைப் பார்த்துத் தீட்டும்போது அவர் கண்ட வானத்தையும் அவர் கண்ட மண்ணையும் சேர்த்தே கடன் வாங்குகிறோம். வடநாட்டு மேகவானத்தைப் பிரதிபலிக்கும் கவசம் ஜெகதாப்பட்டினத்து மணலில் நிற்கும்போது, பார்ப்பவர் கண் ஏதோ பொய் என்று உணர்ந்துவிடும்; காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் உணரும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் எவர்சில்வர் குவளையை ஜன்னல் அருகே வையுங்கள். அதில் தெரியும் வடிவங்களை மட்டும், குவளையையே மறந்துவிட்டு, கருப்பு வெள்ளையில் வரையுங்கள். பிறகு குவளையைச் சுற்றி வெள்ளைத் துணியால் மூன்று பக்கம் மறைத்து மீண்டும் வரையுங்கள். குவளை மாறவில்லை, ஆனால் ஓவியம் முற்றிலும் மாறியிருக்கும். அடுத்து, துருப்பிடித்த ஆணி ஒன்றையும் தேய்ந்த பித்தளைச் சாவி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எந்த இடம் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது, எந்த இடம் காட்டவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கணிப்பொறிக்குச் சென்று முதலில் வடிவம், பின் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு, பின் சொரசொரப்பு, இறுதியில் தேய்வும் துருவும் என்ற வரிசையில் தீட்டுங்கள். கீறலில் தொடங்குவோர் களிமண்ணில்தான் முடிப்பார்கள்.

திரையின் வெண்மைக்கு ஓர் எல்லை உண்டு. வெயிலில் மின்னும் இரும்பின் கூர்மையான ஒளியை எந்தத் திரையும் அப்படியே தர முடியாது. ஒளிப்பொட்டின் அருகே ஆழ்ந்த இருளை வைத்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். இந்த உண்மையை அந்தப் பொன் தலைக்கவசத்தின் ஓவியர் அறிந்திருந்தார்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது நங்கூரத்தின் அருகே சற்று உட்காருங்கள். எந்தப் பக்கம் துரு கனத்திருக்கிறது, எந்தப் பக்கம் கயிறு உராய்ந்து மின்னுகிறது என்று பாருங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும்.